சும்மா இருந்த ஐந்து இணைப்புகள்

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. மதுகர் பணசீகர் சங்கை ஊதக்கூட இல்லை. இது எதற்கு இருக்கிறது என்று கேட்டார், அவ்வளவுதான். ஆனால் கேட்ட இடம் சரியில்லை. புணேயில், கோத்ரூடில், 'சுவிசார்' வீட்டுவசதி கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டார். செயலாளர் கானிட்கர் அந்தக் கேள்வியை மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றிக்கொண்டார். சுவிசாரில் ஒரு கேள்வி எழுத்தில் ஏறிவிட்டால், கேட்டவரே வந்து காலில் விழுந்தாலும் அது இறங்காது.

கேள்வி இதுதான். பணசீகர் வீட்டில் ஒரு கணினி இருந்தது. மகள் கேதகி ஜெர்மனிக்குப் படிக்கப் போனபோது வாங்கியது. கைப்பேசி என்றால் பேசுவதற்கு மட்டும் என்றிருந்த காலம். கடல் தாண்டிப் போன பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் கணினிக்கு முன்னால்தான் உட்கார வேண்டும். ஒருநாள் அவர் கை எதன்மேல் பட்டதோ, ஒரு ஜன்னல் திறந்து ஆறு இணைப்புகள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றில் மட்டும் விளக்கு எரிந்தது. மற்ற ஐந்தும் 'இணைக்கப்படவில்லை' என்று சொல்லிக்கொண்டு சும்மா இருந்தன. வயர்லெஸ்ஸாம், புளூடூத்தாம், டயல்-அப்பாம், 'லோக்கல் ஏரியா 2' என்று ஒன்றாம். ஐந்தாவதற்குப் பெயரே கிடையாது, வெறும் '1394'.

பணசீகர் எடையளவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடைத் தராசில் உதிரியாக ஒரு கல் கிடந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. கணினி விற்ற கடைக்குப் போன் போட்டார்.

"அது சும்மா இருக்கும் சார், விட்டுடுங்க" என்றான் கடைக்காரன்.

அவனும் விட்டுவிட்டான், கடவுளும் விட்டிருப்பார். பொதுக்கூட்டத்தில் 'தலைவர் அனுமதியுடன் மற்ற விஷயங்கள்' என்ற கட்டம் வந்தபோது, யாருக்கும் எந்த விஷயமும் இல்லாமல், உருளைக்கிழங்கு வடையும் வந்து சேராமல் ஒரு மௌனம் நிலவியது. மௌனத்தைத் தாங்க முடியாத மனிதர் எழுந்து கேட்டுவிட்டார்: "வீட்டுக் கம்ப்யூட்டர்ல உபயோகமில்லாத கனெக்‌ஷன் அஞ்சு காட்டுது. யாருக்காவது அது என்னன்னு தெரியுமா?"

யாருக்கும் தெரியவில்லை. அதனால் ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது.

சுவிசாரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மூன்று மாடி, ஒரு மாடிப்படி, சுவர் கொள்ளாத அறிவிப்புப் பலகைகள். வாசலில் ஒன்று: 'இங்கே வழி கேட்கக் கூடாது. வழி தெரியாதவர்கள் வீட்டை விட்டுப் புறப்படக் கூடாது.' தண்ணீர்த் தொட்டியருகே: 'மூடியைத் திறந்து போட்டவர் யாரென்று எங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.' செயலாளர் வீட்டுக் கதவில் உள்ளதுதான் எல்லாவற்றுக்கும் மூலம்: 'பகல் ஒன்று முதல் நான்கு வரை மணி அடிக்காதீர். அவசரமென்றால் ஐந்து மணிக்கு வரவும்.' ஒன்றிலிருந்து நான்கு வரை அந்தப் பகுதியில் நாய்கூடக் குரைக்காது. குரைத்த நாய்க்கும் ஒரு பலகை எழுதினார்கள் என்று கேள்வி.

துணைக்குழுவின் தலைவர் திகம்பர் ஓகலே. குடிநீர் வாரியம் ஒன்றில் எஞ்சினியராக இருந்தவர். உலகத்தில் உள்ளதெல்லாம் குழாய், மிச்சம் உள்ளது கசிவு என்பது அவர் சித்தாந்தம். சுவிசாருக்குள் இணையம் வரும் வழியும் அவர் பார்வையில்தான் இருந்தது. தெருவிலிருந்து ஒரு கம்பி வந்து மாடிப்படிக்கு அடியில் இருந்த இரும்புப் பெட்டிக்குள் நுழையும். அங்கிருந்து எல்லா வீட்டுக்கும் பிரியும். பெட்டிக்குப் பூட்டு உண்டு. சாவி செயலாளர் தலையணைக்கு அடியில்.

ஒரு மாலை ஓகலேயும் கானிட்கரும் பணசீகர் வீட்டுக்கு ஆய்வுக்கு வந்தார்கள். வத்ஸலா, பணசீகரின் மனைவி, அவல் உப்புமா கொடுத்தாள். தட்டு காலியாகும்வரை ஆய்வு தொடங்கவில்லை.

"இது எவ்வளவு நாளா இருக்கு?" என்று திரையைக் காட்டிக் கேட்டார் ஓகலே.

"கம்ப்யூட்டர் வாங்கினப்பவே இருந்திருக்கும்" என்றார் பணசீகர்.

"இருந்திருக்கும்னா? வாங்கும்போது எண்ணிப் பார்க்கலையா? எடையளவுத் துறையில என்னத்தைத்தான் பார்த்தீங்களோ! சரி, இந்த அஞ்சையும் யார் உபயோகிக்கிறா?"

"யாரும் இல்ல."

"உபயோகிக்காத குழாய் என்ன பண்ணும்?"

"சும்மா இருக்கும்."

"சொட்டும்!" ஓகலே எழுந்தே விட்டார். "என் சர்வீஸ் பூரா நான் கண்ட உண்மை இது ஒண்ணுதான். உபயோகிக்கிற குழாய் சொட்டாது, அதுமேல ஒரு கை இருக்கு. உபயோகிக்காத குழாய்தான் ராப்பகலா சொட்டும். இந்தச் சொசைட்டியில நெட்டு ஏன் எறும்பு மாதிரி ஊருதுன்னு ஊரே கேக்குது. ஏன்னா உங்க வீட்டுல அஞ்சு குழாய் சொட்டுது!"

கானிட்கர் 'ஐந்து சொட்டுகிறது' என்று எழுதிக்கொண்டார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு 1394-ஐ உற்றுப் பார்த்தார். அவர் கல்வித் துறையில் பள்ளி ஆய்வாளராக இருந்தவர். வரிசை எண் என்றால் விடமாட்டார்.

"ஆயிரத்து முந்நூத்தித் தொண்ணூத்தி நாலுன்னு போட்டிருக்கு. அப்ப அதுக்கு முன்னாடி ஆயிரத்து முந்நூத்தித் தொண்ணூத்தி மூணு இருக்கணுமே. அதெல்லாம் எங்க?"

"எனக்குத் தெரியாதுங்க."

"'தெரியாது என்கிறார்'னு எழுதியிருக்கேன். 'மறைக்கிறார்'னு எழுதல. அதக் கவனிச்சுக்கோங்க. இந்தச் சங்கம் எவ்வளவு பெருந்தன்மையா நடந்துக்குதுன்னு உங்களுக்குத் தெரியணும்."

செய்தி மாடிப்படியில் ஏறி இறங்கியது. இரண்டாம் மாடி தேவ்தர் அம்மாள், தன் மகன் அமெரிக்காவிலிருந்து கடிதம் எழுதாததற்கு 1394தான் காரணம் என்று கண்டுபிடித்தாள். கீழ்வீட்டுக்காரர் பணசீகரை வழிமறித்து, "உங்களுக்கு ஆறு, எனக்கு ஒண்ணு. இதுக்குப் பேரு கூட்டுறவா?" என்று கேட்டார். பயன்படுத்தாத ஐந்தில் ஒன்றைத் தன் மருமகனுக்கு ஒதுக்க வேண்டும் என்று மனுவும் போட்டார்.

ஒவ்வோர் இணைப்பையும் ஏன் பயன்படுத்தவில்லை என்று விளக்கம் கேட்டுச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. 'எனக்கு ஒன்றே போதும்' என்று பணசீகர் பதில் எழுதினார். 'போதும் என்பது காரணமல்ல, மனநிலை. காரணம் தரவும்' என்று மறுநாளே பதில் வந்தது. மனிதருக்குத் தூக்கம் போயிற்று.

அவர் தூக்கம் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கேதகிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை யோவாகிம், அவளோடு வேலை பார்க்கிற பையன். அந்த ஊர்ப் பதிவு அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை காலை, நம் நேரத்துக்குப் பகல் இரண்டரை. பெற்றவர்களுக்கு விசா கொடுக்கலாமா வேண்டாமா என்று அதற்கான அலுவலகம் இன்னமும் யோசித்துக்கொண்டிருந்தது. அதனால் கணினி வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

பார்த்தால் மட்டும் போதாது. மகாராஷ்டிரத்துக் கல்யாணத்தில் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் நடுவே திரை பிடித்து, பெரியவர்கள் மங்களாஷ்டகம் பாடுவார்கள். வீட்டுப் பெண்கள் சொந்தமாகவே கட்டிப் பாடுவதும் உண்டு. பெண் பெயரும் பிள்ளை பெயரும் அதில் வந்தாக வேண்டும். ஒவ்வொரு பாட்டும் 'சுப மங்கள சாவதான்', அதாவது நல்ல நேரம், கவனமாயிருங்கள், என்று முடியும்போது எல்லோரும் மஞ்சள் அரிசியைத் தூவுவார்கள். பாட்டு இல்லாவிட்டால் வத்ஸலாவுக்கு அது கல்யாணமே இல்லை. ஒரு மாதமாகச் சமையலறையில் அவள் பாட்டுக் கட்டினாள். விருத்தத்துக்குள் 'யோவாகிம்' அடங்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தான்.

"ஏங்க, ஒரு எழுத்து நீளுதுங்க" என்று கரண்டியோடு வந்து நிற்பாள்.

"அவன் ஆறடி. நீளத்தான் செய்வான்" என்பார் பணசீகர்.

கேதகி அந்த ஊர்ப் பதிவாளரிடம் கேட்டு அனுமதி வாங்கியிருந்தாள்: மோதிரம் மாற்றியதும் அம்மா பாடலாம், எல்லோரும் கேட்பார்கள். அந்நிய நாட்டு அரசாங்க அதிகாரி ஒரே நாளில் சரி என்று சொல்லிவிட்டார். "யோவாகிம் 'சாவதான்' சொல்லிப் பழகறான்மா, பல் தேய்க்கும்போதுகூட" என்று கேதகி திரையில் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த அன்று வத்ஸலா சாப்பிடாமலே தூங்கிப் போனாள்.

இதற்கிடையில், பயன்படாத இணைப்புகளை ஒப்படைக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. துணைக்குழு மறுபடி வந்தது, மறுபடி உப்புமா சாப்பிட்டது. ஓகலே ஒவ்வோர் இணைப்பாகத் தட்டினார். ஐந்திலும் 'துண்டி' என்ற சொல் மங்கிக் கிடந்தது, அழுத்தினால் அசையவில்லை.

"துண்டிக்கணும்னா முதல்ல சேர்ந்திருக்கணும் போல" என்றார் பணசீகர்.

"அப்ப சேர்த்துட்டுத் துண்டிங்க!"

"சேர்க்கிறதுக்கு எதுவும் இல்லையே."

கானிட்கர் பேனாவை மூடினார். "சேராமலும் துண்டிக்காமலும் நடுவுல நிக்கிறதுக்குச் சங்க விதியில இடம் இல்ல, பணசீகர். மனுஷனா இருந்தாலும் சரி, கனெக்‌ஷனா இருந்தாலும் சரி, இங்க ஒண்ணு உறுப்பினர், இல்லன்னா வெளியாள்."

ஓகலேயின் விரல் ஆறாவதன்மேல் போய் நின்றது. அதில் 'துண்டி' பளிச்சென்று இருந்தது. "பாருங்க, இது ஒண்ணுதான் ஒத்துழைக்குது!"

பணசீகர் பாய்ந்து மவுஸைக் கையால் மூடிக்கொண்டார். "அது வேண்டாம் ஐயா! வெள்ளிக்கிழமை எங்க பொண்ணு கல்யாணம். இதுல வச்சுத்தான் பார்க்கணும். ரெண்டரைக்கு முகூர்த்தம்."

கானிட்கரின் முகம் இறுகியது.

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டரை."

"மத்தியானம் ரெண்டரைக்கா?"

"அங்க அப்பக் காலையிலங்க."

"அங்க என்னவோ இருக்கட்டும். சுவிசார்ல பொறந்து வளர்ந்த பொண்ணு, ஒண்ணுலேர்ந்து நாலுக்குள்ள முகூர்த்தம் வைக்கலாமா? அந்த ஊர்ல மத்தியானம் யாரும் தூங்கறதில்லையா? பின்ன எப்படி முன்னேறினாங்க?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "தப்பா நினைக்காதீங்க அண்ணி. கல்யாணம் தனிப்பட்ட விஷயம், கனெக்‌ஷன் பொது விஷயம். ரெண்டையும் குழப்பினா நாளைக்கு ஜனங்க சங்கத்தையே குடும்பம்னு நினைச்சிடுவாங்க" என்றார்.

வத்ஸலா உப்புமாத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஓகலே சமாதானமாக ஒரு வழி சொன்னார். துண்டிக்க வேண்டாம், கசிவுச் சோதனை செய்தால் போதும். பிரதான வால்வை மூடுவது, சொட்டுகிறதா என்று பார்ப்பது, திறந்துவிடுவது. "வெள்ளிக்கிழமை காலையிலேயே முடிச்சிடறேன். உங்க கல்யாணத்துக்கு நெட்டு அருவி மாதிரிக் கொட்டும் பாருங்க." பணசீகர் கையெடுத்துக் கும்பிட்டார். பாவம், வாரியத்தில் 'காலை' என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை ஓகலே வந்து சேர்ந்தபோது மணி ஒன்றாகப் பத்து நிமிடம். கானிட்கர் சாவியோடு இறங்கி வந்தார். இரும்புப் பெட்டியைத் திறந்து, உள்ளே மின்னிக்கொண்டிருந்த விளக்கை அணைத்து, மறுபடி பூட்டினார்கள். மாடிப்படியில் நின்ற பணசீகர், "இப்பத் திறந்துடலாமா?" என்று கேட்டார்.

"இப்பவேவா?" ஓகலே சிரித்தார். "கசிவுச் சோதனைன்னா குறைஞ்சது மூணு மணி நேரம். குழாய்க்குள்ள இருக்கிறது வடியணுமில்ல?"

"ஐயா, ரெண்டரைக்கு..."

"நாலு மணிக்கு வாங்க" என்று கானிட்கர் கொட்டாவி விட்டார். கதவு சாத்தப்பட்டது. சுவிசார் உறங்கிற்று.

பணசீகர் செயலாளர் வீட்டு மணிக்கு எதிரே நின்றார். விரலை நீட்டினார். அது மணிக்கு ஓர் அங்குலத்தில் நின்றுவிட்டது. அந்த ஊரிலேயே பிறந்து, ஒருநாளும் ஒன்றுக்கும் நான்குக்கும் நடுவே எந்த மணியையும் தொடாத விரல் அது. மனம் எவ்வளவோ தள்ளியும் அது போகவில்லை. வெட்கத்தோடு கையை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். இணையக் கடை மூடியிருந்தது. 'கம்ப்யூட்டர் தூங்குகிறது, நீங்களும் தூங்குங்கள்' என்று பலகை. வெளிநாட்டுக்குப் பேசும் தொலைபேசிக் கடை மூடியிருந்தது. அங்கே பலகைகூட இல்லை, கடைக்காரன் காலே வெளியே தெரிந்தது. அவர் கைப்பேசியிலிருந்தும் வீட்டுத் தொலைபேசியிலிருந்தும் கடல் தாண்டி அழைக்க வசதி கிடையாது. வெறிச்சோடிய தெருவில், வெயிலில், ஒரு பெண்ணின் அப்பா இப்படியும் அப்படியும் நடந்துவிட்டு வீடு திரும்பினார்.

வத்ஸலா பைதணிப் பட்டுப்புடவை கட்டி, மூக்கில் முத்து நத்து போட்டு, மடியில் மஞ்சள் அரிசிக் கிண்ணத்தோடு கணினிக்கு முன் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஆறு இணைப்புகள். ஆறும் 'இணைக்கப்படவில்லை'.

"வருதாங்க?"

சுவர்க் கடிகாரம் இரண்டரையைத் தொட்டது. வத்ஸலா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க போற?"

"கம்பி எங்கேருந்து போகுதோ அங்க."

படியிறங்கி, மாடிப்படிக்கு அடியில் பூட்டிக் கிடந்த இரும்புப் பெட்டிக்கு முன்னால் நின்று, கண்ணை மூடிக்கொண்டு அவள் பாடினாள். சாதாரணக் குரல்தான், கொஞ்சம் கட்டையான குரல். ஆனால் சுவிசாரின் மாடிப்படி கிணறு மாதிரி. பகல் இரண்டரைக்கு அதில் ஊசி விழுந்ததில்லை. சப்பாத்தி வட்டமாக வரவில்லையென்று அழுத கேதகியே, நீ மாவு பிசையும் வீடு வட்டமாக நிறையட்டும் என்று பாடினாள். நெட்டை யோவாகிமே, எங்கள் வாசல் உயரம் குறைவு, குனிந்து வா, நிமிர்ந்து வாழ் என்று பாடினாள். ஓர் எழுத்து நீளத்தான் செய்தது. பணசீகர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கதவுகள் திறந்தன. தேவ்தர் அம்மாள் கலைந்த கொண்டையோடு எட்டிப் பார்த்தாள். பனியனோடு கானிட்கர் வந்து நின்றார்.

"அண்ணி! மணி என்ன ஆகுது? இது என்ன நேரம்?"

பணசீகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். "ஐயா, நீங்களே முழிச்சிட்டீங்களே. ஒரு நிமிஷம் சாவியைக் குடுத்தீங்கன்னா..."

கானிட்கர் நிமிர்ந்தார். "யாரு முழிச்சது? நான் நாலு மணி வரைக்கும் தூங்கறேன். இப்ப உங்ககிட்டப் பேசறது செயலாளர் இல்ல, தூக்கம் கலைஞ்ச ஒரு சாதாரண உறுப்பினர். சாவி செயலாளர்கிட்ட இருக்கு. அவர் தூங்கறார்."

சொல்லிவிட்டு உள்ளே போய்ச் செயலாளரோடு சேர்ந்து படுத்துக்கொண்டார்.

"சுப மங்கள சாவதான்" என்று முடித்து வத்ஸலா அரிசியைப் பெட்டிமேல் தூவினாள். தேவ்தர் அம்மாள் என்ன நினைத்தாளோ, இறங்கி வந்து கிண்ணத்திலிருந்து ஒரு பிடி எடுத்து அவளும் தூவினாள். திரும்பி ஏறிப் போனாள்.

சற்று நேரத்தில் வீட்டுத் தொலைபேசி அடித்தது. கேதகி.

"எங்கம்மா போனீங்க? முன் வரிசையில உங்களுக்கு ரெண்டு நாற்காலி போட்டு, மேல லேப்டாப் வச்சிருந்தோம். அந்தப் பதிவாளர் அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே காத்திருந்தாங்க. அப்புறம் அடுத்த ஜோடி வந்துட்டாங்க. யோவாகிம் தனியா ஒரு தடவை 'சாவதான்' சொன்னான். எப்ப அரிசி போடறதுன்னு யாருக்கும் தெரியல, யாரும் போடல." குரல் உடைந்தது. "இப்பப் பாடும்மா."

"பாடியாச்சுடி" என்றாள் வத்ஸலா.

"யாருக்கு?"

"பெட்டிக்கு."

நான்கு மணிக்குப் பெட்டி திறக்கப்பட்டது. மினிட்ஸ் புத்தகத்தில் இப்படி எழுதப்பட்டது: 'சோதனை வெற்றி. கசிவு இல்லை. ஐந்து இணைப்புகளும் சும்மாவே இருந்தன என்று தெரியவருகிறது. ஒன்று முதல் நான்கு வரை ஆறாவது இணைப்பும் பயன்படுத்தப்படவில்லை. ஏன் என்று உறுப்பினர் விளக்கம் தர வேண்டும்.'

மறுநாள் மாடிப்படிக்கு அடியில் புதுப் பலகை தொங்கியது: 'கல்யாணம் யார் வீட்டில் என்று சங்கம் கேட்கவில்லை. அரிசி யாருடையது என்று சங்கத்துக்குத் தெரியும். கூட்டிவிடவும்.'

பணசீகர் துடைப்பம் எடுத்துவந்து கூட்டினார். படியில் கிடந்தது, தரையில் கிடந்தது, மூலையில் கிடந்தது எல்லாம் வந்தது. பெட்டியின் காற்றுத் துளைகள் வழியே உள்ளே விழுந்த மஞ்சள் அரிசி மட்டும் வரவில்லை. கம்பிகளுக்கு நடுவே அது கிடப்பதைக் குனிந்து பார்த்தார். எடுக்க வேண்டுமானால் பூட்டைத் திறக்க வேண்டும். அப்போது மணி ஒன்றேகால்.